அந்த வளைவில் நிற்க ஓர் ஆள்

போன மாதம் ஹட்டனில், புதிதாக நியமனம் பெற்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்களையும் மரியாதைக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். மரியாதை என்றால் முன்வரிசையில் ஒரு நாற்காலி, ஒரு ரோல்ஸ், ஒரு பிளேன்டீ, அவ்வளவுதான். வகுப்பின் தலைப்பு 'விளையாட்டில் பொறுப்புக்கூறல்'. சிறப்புரை ஆற்ற வந்தவர் எங்கள் கல்வி வலயத்தில் முன்பு விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த பணிப்பாளர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் ஒரு கௌரவமாக எடுத்துக்கொள்வார்.

பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கே உரிய அந்த மெல்லிய குரலில் ஒரு கதை சொன்னார். "அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மரதன் ஓட்டப் போட்டி. ஒரு பிள்ளையின் தகப்பனார் ஒரு தவறு செய்துவிட்டார். அதனால் போட்டியே குழம்பிவிட்டது. ஆனால் அந்த ஏழைத் தொழிலாளி என்ன செய்தார் தெரியுமா? மைக்கைப் பிடித்து, ஊரே பார்த்திருக்க, தவறு என்னுடையது என்று சொன்னார். அந்த மைக்கை அவர் கையில் கொடுத்தவன் நான். பொறுப்பேற்பது என்றால் அதுதான் பிள்ளைகளே."

மண்டபம் கைதட்டியது. நான் கையை உயர்த்தினேன். நிகழ்ச்சியை நடத்திய தம்பி என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போல், "இப்ப டீ டைம்" என்று அறிவித்துவிட்டார். அந்த மரதனைக் கெடுத்ததே ஒரு தேநீர்தான். சாட்சி சொல்ல வந்தவளின் வாயை அடைத்ததும் தேநீர்.

தேநீர் மேசையில் ஓர் இளம் ஆசிரியை வந்து, "டீச்சர், மொகமெல்லாம் செவந்து கெடக்கே, பிரசரா?" என்று கேட்டாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த ரோல்ஸைக் கடிக்காமல் கேட்டுவிட்டு, "எழுதிப்போடுங்க டீச்சர். இல்லாட்டி அவரு சொன்னதுதான் நெசமாயிரும்" என்றாள். எழுதுகிறேன்.

நான் நோர்வூட்காரி. அப்பாவும் அம்மாவும் தேயிலை மலையில் வேலை செய்தவர்கள். பயிற்சிக் கலாசாலைக்குப் போய், உடற்கல்வி டீச்சராக வந்து, தோட்டப் பாடசாலைகளிலேயே காலத்தை முடித்தேன். பந்து இருந்தால் மைதானம் இருக்காது, மைதானம் இருந்தால் அதில் தோட்டத்தை நடத்துகிற துரையின் மாடு மேயும். அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று என்னோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு வராத கோபத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

மரதனுக்குப் பாதை குறிப்பது எப்படி என்று முதலில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது.

ரோட்டில் ஓடும் ஓட்டத்துக்கு, பிரதான நடுவர் பாதையை நடந்து பார்க்க வேண்டும். வாகனத்தில் போய்ப் பார்ப்பது கணக்கில்லை. நடந்து போகும்போது பாதை எங்கெல்லாம் இரண்டாகப் பிரிகிறதோ அங்கெல்லாம் நிற்க வேண்டும். போக வேண்டிய பக்கம் சிவப்புக் கொடி. போகக்கூடாத பக்கத்துக்குக் குறுக்கே கயிறு. தரையில் சுண்ணாம்புத் தூளால் அம்புக்குறி. பக்கத்தில் ஓர் ஆள். கடைசிப் பிள்ளை தாண்டிப் போகும் வரைக்கும் அந்த ஆள் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. ஓட்டம் தொடங்கியதும் ஒரு வாகனம், முதலில் வரும் பிள்ளைக்குக் கண்ணில் படுகிற தூரத்தில், முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் அந்த வாகனத்தைப் பார்த்துத்தான் ஓடுவார்கள்.

டவுனில் இது சுலபம். சந்திகளை எண்ணிவிடலாம். தோட்டத்தில் அப்படி இல்லை. வாகனம் போகிற கரத்தை ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஆனால் எங்கள் சனங்கள் யாரும் அதில் சுற்றுவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் தேயிலைக்குள் ஒரு குறுக்குவழி இறங்கும். கொழுந்துக் கூடையோடு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போவதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதும், பாடசாலைக்குப் போவதும், கோயிலுக்குக் காவடி எடுத்துப் போவதும் அந்தக் குறுக்கில்தான். எங்களுக்குப் பாதை என்றாலே அதுதான். ரோடு துரையின் வாகனத்துக்கும் கொழுந்து லொறிக்கும் போட்டது. அதனால் தோட்டத்தில் மரதன் பாதையை நடக்காமல் குறிக்கிறவர், அரிசியைக் களையாமல் உலையில் போடுகிறவர்.

இனி பணிப்பாளர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். குரலை உயர்த்தியதே இல்லை. நெற்றி வியர்க்காவிட்டாலும் மடித்த கைலேஞ்சியால் ஒற்றிக்கொள்வார். அவருடைய வெள்ளைச் சப்பாத்தில் எங்கள் மலைநாட்டுச் சேறு ஒட்டியதை நான் பார்த்ததில்லை, அது எப்படி முடியும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. யாராவது ஜெயித்தால், "நான் அந்தப் பிள்ளையை அப்பவே கவனிச்சேன்" என்பார். ஏதாவது பிழையாகப் போனால், "நாம எல்லாரும் இதுக்குப் பொறுப்புத்தான்" என்பார். 'நான்' எங்கே முடிகிறது, 'நாம்' எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனித்தால் போதும், அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

அது கொவிட்டுக்கு முந்திய ஒரு தை மாதம். வலய மரதனை அந்த முறை நான் படிப்பித்த தோட்டத்திலேயே வைத்தார்கள். என் மாணவி மகாலெட்சுமி அதில் ஓடினாள். மகா என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வயது, கால் நீளம், வாய் அதைவிட நீளம். அவளுடைய அப்பா பெரியசாமி அண்ணன் அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். விளையாட்டுப் பாடசாலை ஒன்றிலிருந்து ஒருவர் பிள்ளைகளைத் தெரிவு செய்ய வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடுதி, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. மகா முதலாவதாக வந்தால் அவளைக் கூட்டிப்போவார். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அவளுக்கு இருந்தது அந்த ஓர் ஓட்டம் மட்டும்தான்.

போட்டிக்கு முதல் நாள், பிரதான நடுவராக இருந்த பணிப்பாளர் ஜீப்பில் பாதை பார்க்க வந்தார். என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். ஸ்டோரைத் தாண்டி மேலே உள்ள வளைவில் பெரியசாமி அண்ணன் கொடிக்கட்டோடு நின்றார். கொடி நடுவதற்குத் தோட்டம் அவரை அனுப்பியிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பணிப்பாளர் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கி, "ஸ்கூலுக்குத் திரும்புற இடத்துல செவப்புக் கொடிய நட்டுடுங்க" என்றார்.

"சரிங்க" என்றார் அவர்.

நான் சொன்னேன்: "சேர், இறங்கி நடந்து பாத்துருவோம். இங்க குறுக்கு ஜாஸ்தி."

"மழை வருது டீச்சர். காலையில நடப்போம்."

நீ ஏன் இறங்கவில்லை என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். ஜீப்பின் கதவைத் திறந்தேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். காலையில் போய், "சேர், பாதைய நடக்கணும்" என்று மறுபடியும் சொன்னேன். பிரதம விருந்தினர் வருகிற நேரம் என்று சொல்லி, ஓட்டம் முடிகிற பாடசாலை மைதானத்தில் ரிப்பன் பிடிக்க என்னை அனுப்பிவிட்டார்.

பாடசாலைக்குத் திரும்புகிற இடத்தில் பெரியசாமி அண்ணன் கொடியை நட்டார். சொன்னதைத்தான் செய்தார். ஜீப்பில் போகிறவருக்கு அந்த இடம் ரோட்டு வழியே இன்னும் கீழே, சந்தியில் இருக்கிறது. பெரியசாமி அண்ணனுக்கு, அவருடைய அப்பாவுக்கு, அந்தத் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் பாடசாலைக்குத் திரும்புகிற இடம் அந்த வளைவில் குறுக்கு தொடங்குகிற தலைப்புத்தான். வேறு எங்கே நடுவார்? கயிறு கட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்க ஆளும் போடவில்லை.

ஓட்டம் தொடங்கியது. முன்னால் போக வேண்டிய ஜீப் ஸ்டோர் வாசலில் நின்றுவிட்டது. பிரதம விருந்தினருக்குத் துரை அங்கே தேநீர் ஏற்பாடு செய்திருந்தார். உள்ளே கோப்பையும் கையுமாக அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, வெளியே மகா வாசலைத் தாண்டி ஓடியிருக்கிறாள். பின்னால் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளே இரண்டு பேர். மேலே பனிமூட்டம். ஜீப்பைக் காணோம். சிவப்புக் கொடி தெரிந்தது. கொடி இருக்கிற பக்கம் திரும்ப வேண்டும் என்று படிப்பித்தவள் நான். மூன்று பேரும் திரும்பி, குறுக்கில் இறங்கிவிட்டார்கள். அதற்குள் தேநீர் முடிந்து ஜீப் புறப்பட்டது. அடுத்து வந்த டவுன் பிள்ளைகள் ஜீப்பைப் பார்த்து ரோட்டிலேயே போய்விட்டார்கள்.

மைதானத்தில் நாங்கள் ரிப்பனை இன்னும் விரிக்கவில்லை. பாடசாலைக்குப் பின்பக்கத் தேயிலைக்குள்ளிருந்து மகா வந்தாள். அவள் வந்த திசையைப் பார்த்தவுடனே குறுக்கால் வந்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. முகமெல்லாம் சிரிப்பு.

"என்னா டீச்சர், ரிப்பன புடிக்காம பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஜீப்பும் டவுன் பிள்ளைகளும் வந்தார்கள். அந்தப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் கூச்சல் போட்டார்கள். அது நியாயம், நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். பணிப்பாளர் மைக்கை வாங்கினார். ஒருவரையும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "குறுக்கால வந்த மூன்று மாணவிகளும் தகுதிநீக்கம் செய்யப்படுகிறார்கள். விளையாட்டில் வெற்றியைவிட நேர்மை முக்கியம்" என்று அறிவித்தார்.

அன்றைக்குத் தோட்டமே லீவு போட்டு வந்திருந்தது. லயத்து வீடுகளில் குடியிருக்கிற சனங்கள் எல்லாரும் கம்பி வேலி ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், அவர்கள் பெற்ற பிள்ளைகளைக் கள்ளிகள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வெளியூர்ப் பையன்கள் ஊளையிட்டார்கள். மகா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கொடி அங்கதான் இருந்துச்சு. சத்தியமா டீச்சர். நீங்க போயி பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் பெரியசாமி அண்ணன் அதே குறுக்கால் ஓடி வந்தார். கையில் கொடி இருந்தது. "புள்ளைங்கள ஒன்னும் சொல்லாதீங்க. கொடிய நாந்தாங்க நட்டேன்" என்று கூட்டத்துக்குள் நுழைந்தார்.

பணிப்பாளரின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். மழை விட்ட மாதிரி தெளிந்தது. பெரியசாமி அண்ணனின் தோளில் கை போட்டு, கூடாரத்துக்குள் கூட்டிப்போனார். நான் பின்னாலேயே போனேன். "இத நீங்களே மைக்ல சொல்லிடுங்க. சொல்லிட்டா பிள்ளைய பத்தி நாங்க யோசிக்கலாம்" என்றார். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"புள்ளைக்கு எடம் கெடச்சிரும்ங்களா?"

"முதல்ல சொல்லுங்க, பார்ப்போம்."

பெரியசாமி அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. கொடிய நாந்தாங்க எடம் மாத்தி நட்டுட்டேன். தப்பு என்னோடதுங்க. புள்ளைங்க கொடிய பாத்துதான் வந்துச்சுங்க. அதுகளுக்கு ஒன்னும் தெரியாதுங்க. மன்னிச்சுக்குங்க." அவ்வளவுதான். நான் கேட்டதில் அதைவிடச் சுத்தமான பேச்சு இல்லை. ஒரு சொல்லில்கூட அவர் ஜீப்பைக் குறை சொல்லவில்லை. மழையையும் சொல்லவில்லை, யார் என்ன சொன்னார் என்றும் சொல்லவில்லை.

பணிப்பாளர் மைக்கைத் திரும்ப வாங்கினார். "உண்மை வெளிவந்துவிட்டது. ஒரு போட்டியாளரின் தந்தையே கொடியை இடம் மாற்றி நட்டிருக்கிறார். எனவே முடிவில் மாற்றமில்லை. அந்த மாணவி இவ்வருடம் வலயப் போட்டிகள் எதிலும் பங்குபற்ற முடியாது."

பெரியசாமி அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டு கக்கத்திலேயே இருந்தது.

எனக்கு அதற்குப் பிறகு பொறுமை இல்லை. மைக்கைப் பிடுங்கினேன். "சேர், பாதைய நடந்தீங்களா? நேத்து நடந்தீங்களா, இன்னைக்கு நடந்தீங்களா? முன்னுக்குப் போக வேண்டிய ஜீப் எங்க நின்னுச்சு?" யாரோ வயரை இழுத்துவிட்டார்கள். மைக் எனக்கு எதற்கு? பிள்ளைகளை மைதானத்தில் ஓடவைத்தே பழகிய தொண்டை. வேலி வரைக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் கேட்டேன்.

அவர் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "கோபம் உடம்புக்குக் கூடாது டீச்சர். நாம எல்லாரும் இதுக்குப் பொறுப்புத்தான்" என்றார்.

"எல்லாரும்னா யாரு சேர்? அதுல ஒரு ஆள காட்டுங்க."

அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். இன்றைக்கு வரைக்கும் அந்த ஓர் ஆளைக் காட்டவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். எங்கள் வலயத்தில் உப்பைத் தின்றவர் ஜீப்பில் ஏறிப் போனார். தண்ணீர் குடித்தவர் பெரியசாமி அண்ணன்.

தெரிவு செய்ய வந்தவரை நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் துரத்திக்கொண்டு போனேன். நல்ல மனிதர்தான். "புள்ள ஓடுறது அழகு டீச்சர். ஆனா முடிவில பேரே இல்லாத புள்ளைய நான் எப்படி எடுக்கிறது?" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினேன். பதிலாக எனக்கு இடமாற்றம் வந்தது. மஸ்கெலியாப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகிற பாடசாலை. பணிப்பாளருக்குப் பதவி உயர்வு வந்தது.

அதெல்லாம் போகட்டும். அந்த ஊரில் மகாவால் ரோட்டில் நடக்க முடியவில்லை. "அப்பன் கொடி நட்டான், மக ஓடுனா" என்று பஸ்ஸில் பாட்டாகவே பாடினார்கள். அவள் ஒரு நாள் என்னிடம் வந்து, "டீச்சர், ஞாயித்துக்கெழம ஓடப்போறேன். முழுசா ரோட்டாலயே. நீங்க வாட்ச கொண்டாங்க" என்றாள். யாருக்காக என்று கேட்டேன். "எங்கப்பாவுக்கு" என்றாள்.

ஓடினாள். எதிர்த்து ஓட யாரும் இல்லை. ஸ்டோர் வாசலில் சனம் நின்றது, யாரும் கைகூடத் தட்டவில்லை. அந்த வளைவில், குறுக்கின் தலைப்பில், பெரியசாமி அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாதையை மறைத்து நின்றார். "நேரா போ ஆயி, நேரா போ" என்றார். அவள் அவரைப் பார்க்காமல் ரோட்டிலேயே ஓடிப்போனாள். அவள் எடுத்த நேரத்தை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் டீச்சர் கூட்டிச் சொல்கிறாள் என்பார்கள். அன்றைக்கு அவள் முதலாவதாகத்தான் வந்திருப்பாள் என்பது அந்தப் பணிப்பாளருக்கும் தெரியும்.

மகா இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டிய வேலை. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். ஓட்டத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

பெரியசாமி அண்ணன் அந்த வருடத்தோடு நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் கோட்டப் போட்டியோ பாடசாலைப் போட்டியோ எந்த மரதன் நடந்தாலும், அந்த வளைவில் அவர்தான் நிற்கிறார். யாரும் கூப்பிடுவதில்லை. வேலைக்குப் போகாமல் விடியற்காலையிலேயே வந்து, குறுக்குக்குக் கயிறு கட்டிவிட்டு, கொடியோடு நிற்பார். கடைசிப் பிள்ளை தாண்டும் வரைக்கும் அசையமாட்டார். நடுவர்களுக்கான புத்தகத்தை அவர் படித்ததில்லை. செய்யாத தவறுக்குப் பொறுப்பேற்ற மனிதர், ஏற்றதை இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

அந்தப் பயிற்சி வகுப்பு முடிந்த அன்றைக்கே அக்கரப்பத்தனை பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. பணிப்பாளர் பேசியதைச் சொன்னேன்.

"எம்பேர சொன்னாருங்களா?"

"இல்லண்ணே. ஒரு ஏழைத் தொழிலாளின்னு சொன்னாரு."

"நல்லபடியாதான் சொன்னாராக்கும்."

"ரொம்ப நல்லபடியா. எல்லாரும் கைதட்டுனாங்க."

கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இந்தத் தையில என்னால நிக்க முடியாது டீச்சர். காலு விட்டுருச்சு. அவுங்களுக்குத்தான் இப்ப வேல இல்லியே. அந்த வளைவுல வந்து நிக்கச் சொல்லுங்களேன்."

கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவர் முகத்தில் கிண்டல் இல்லை. ஆள் வேண்டும், அந்த ஆள் சும்மா இருக்கிறார், வந்து நிற்கட்டும் என்றுதான் நினைத்தார்.

மறுநாள் காலை பணிப்பாளருக்குப் போன் எடுத்தேன். நலம் விசாரித்தார், என் பிரசரை விசாரித்தார். பெரியசாமி அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். போட்டி எந்தத் திகதி என்று கேட்டார். மனம் வைத்துவிட்டாரோ என்று ஒரு நிமிடம் நானும் ஏமாந்தேன்.

"அந்த இடத்துக்கு வாகனம் அனுப்புவாங்களா டீச்சர்?" என்றார்.

"அனுப்பமாட்டாங்க சேர். நடந்துதான் வரணும்."

பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். போட்டி தை மாதத்தில். பெரியசாமி அண்ணன் கொடுத்துவிட்ட கொடியும் கயிறும் இப்போது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன.